கண்டதும் கருதியதும் கேட்டதும்: ஒரு பேரெண் வழி அறிவும் அறமும்

முன்னுரை

பேரெண்களுக்குப் பெயரிடும் வழக்கம் தமிழுக்குப் பழமையானது. ஐ, அம், பல் என்னும் ஈறுகளைக் கொண்டு முடியும் எண்ணுப்பெயர்களுக்குத் தொல்காப்பியம் புணர்ச்சி விதி கூறுகின்றது. உரையாசிரியர்கள் அவற்றிற்குத் தாமரை, வெள்ளம், ஆம்பல் என்பனவற்றைச் சான்று காட்டுவர். பரிபாடலின் இரண்டாம் பாடல் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் எனப் பேரெண்களை ஊழிக்கால அளவைகளாக அடுக்கிச் செல்கின்றது. இவ்விடங்களில் எண் அளவிறந்த பெருமையைச் சுட்டும் பெயராக நிற்கின்றது.

ஆயின், ஓர் எண்ணுக்குப் பெயரிடுவது வேறு. அதன் பண்பை அறிவது வேறு. மிகப் பெரிய எண் ஒன்று பிற எண்களால் வகுபடுமா, வகுபடாதா என்ற வினாவிற்கு விடை ஒன்றே உண்டு. அவ்விடையை ஒருவர் எவ்வழியில் பெற்றார், எவ்வளவு உறுதியோடு கூறினார், அங்ஙனம் கூறுதற்கு அவருக்கு உரிமை இருந்ததா என்பன அறிவைப் பற்றிய வினாக்களாக மட்டுமன்றி அறத்தைப் பற்றிய வினாக்களாகவும் அமைகின்றன. தான் அறியாத ஒன்றை ஒருவர் உறுதியாகக் கூற, அது மெய்யாகவே இருந்துவிட்டால், அவர் குற்றமற்றவர் ஆவாரா? இவ்வினாவினை 21 இலக்க எண் ஒன்றின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ் நூல்கள் வகுத்துள்ள அளவைகள் இவ்வாய்வுக்குக் கருவியாகக் கொள்ளப்படுகின்றன.

எண்ணின் அமைப்பு

முதற் கட்டத்தில் ஒரு நெல், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என இரட்டித்துச் செல்லும் சதுரங்கக் கதை பலரும் அறிந்தது. சதுரங்கப் பலகைக்குக் கட்டங்கள் 64. அதனோடு மேலும் மூன்று கட்டங்களைச் சேர்த்து, 67 கட்டங்களிலும் உள்ள நெல்மணிகளைக் கூட்டினால் கிடைப்பது இக்கட்டுரை எடுத்துக்கொண்ட எண். இரண்டை 67 முறை தம்முள் பெருக்கி, ஒன்றைக் கழித்தாலும் இதே எண் கிடைக்கும். அது 14,75,73,95,25,89,67,64,12,927 ஆகும். ஏறத்தாழப் பதினான்கே முக்கால் இலட்சம் கோடி கோடி.

ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிற எதனாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண் எனப்படும். ஒன்றினும் பெரிய பிற எண்கள் பகு எண்கள். மேற்கண்ட எண் பகா எண்ணா, பகு எண்ணா என்பதே வினா. இவ்வினா மூன்று நூற்றாண்டுகளில் மூவரால் மூன்று வகையாக அணுகப்பட்டது.

ஐதிகம்: மெர்சென் (1644)

பிரான்சு நாட்டுத் துறவியாகிய மரேன் மெர்சென் 1644இல் வெளியிட்ட நூலொன்றில், இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்துப் பெறும் எண்களுள் பகா எண்களாக அமைவன எவை என்று ஒரு பட்டியல் தந்தார். 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்று மட்டுமே பகா எண்களைத் தரும் என்பது அவர் கூற்று. இவற்றுள் 19 வரையான ஏழும் அவர் காலத்திற்கு முன்பே சோதித்தறியப்பட்டவை. எஞ்சிய நான்கினையும் அவரோ அவர் காலத்தவரோ முழுமையாகச் சோதித்திருக்க இயலாது. பதினைந்து, இருபது இலக்கங்கள் கொண்ட ஓர் எண் பகா எண்தானா என்று ஆராயக் காலம் முழுவதும் போதாது என்ற கருத்தை அவரே வெளியிட்டுள்ளமை இங்கு நோக்கத்தக்கது.

எனினும் அப்பட்டியல் நீண்ட காலம் மேற்கோளாக வழங்கியது. மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் அளவைவாதி பத்து அளவைகளைக் கூறுகின்றான். அவற்றுள் ஒன்று ஐதிகம். இன்ன மரத்தில் பேய் உண்டு என்று உலகத்தார் வழிவழியாகச் சொல்வதைக் கேட்டுத் தெளிதல் அதற்கு எடுத்துக்காட்டாகத் தரப்படுகின்றது. சொன்னவர் யார், கண்டவர் யார் என்ற வினா அங்கு எழுவதில்லை. 67ஆம் அடுக்கின் எண் பகா எண் என்ற நம்பிக்கை 232 ஆண்டுகள் ஐதிகமாகவே நிலவியது எனலாம்.

கருதல்: லூகா (1876)

எடுவார் லூகா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் 1876இல் இவ்வெண் பகா எண் அன்று என்று காட்டினார். ஆனால் அவர் அதன் காரணிகளைக் கண்டறியவில்லை. எண்ணைப் பிளந்து காட்டாமலே அது பிளவுபடக் கூடியது என்று அவர் நிறுவியதே இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது.

அவருடைய முறையை 1930இல் லேமர் என்பவர் செப்பம் செய்தார். அவ்வடிவில் அது எளிமையானது. நான்கில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் எண்ணைத் தன்னால் பெருக்கி, இரண்டைக் கழித்து, சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கில் இரண்டு குறைந்த அளவு முறைகள் இதனைச் செய்த பின் மீதி சுழியமானால் அது பகா எண். இல்லையேல் பகு எண். ஐந்தாம் அடுக்கின் எண்ணாகிய 31ஐக் கொண்டு இதனைச் சோதிக்கலாம். நான்கின் வர்க்கத்தில் இரண்டு குறைய 14. அதன் வர்க்கத்தில் இரண்டு குறைய 194. அதனை 31ஆல் வகுக்க மீதி 8. எட்டின் வர்க்கத்தில் இரண்டு குறைய 62. அது 31ஆல் மீதியின்றி வகுபடும். ஆகவே 31 பகா எண். 67ஆம் அடுக்கின் எண்ணுக்கு இதே செய்கையை 65 முறை செய்தால் இறுதியில் சுழியம் வருவதில்லை.

இது கருதல் அளவையின் பாற்படும். மலைமேல் புகை கண்டு தீ உண்டு என்று தெளிபவன், தீ எவ்விடத்து எரிகின்றது என்பதையோ எதனைப் பற்றி எரிகின்றது என்பதையோ அறியான். எனினும் தீ உண்டு என்ற அவன் அறிவு பழுதற்றது. லூகாவின் அறிவும் அத்தகையதே. எண்ணுக்குக் காரணிகள் உண்டு என்பது துணிபு. அவை எவை என்பது அவருக்குத் தெரியாது.

காட்சி: கோல் (1903)

அக்காரணிகளை அமெரிக்கக் கணித அறிஞர் ஃபிராங்க் நெல்சன் கோல் 1903இல் கண்டறிந்தார். அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் நாள் நியூயார்க்கில் நடைபெற்ற அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டத்தில் அவர் தம் முடிவை முன்வைத்தார். 19,37,07,721 என்னும் எண்ணை 7,61,83,82,57,287 என்னும் எண்ணால் பெருக்கினால் கிடைப்பது மேற்கண்ட 21 இலக்க எண்ணே.

கோல் அன்று ஒரு சொல்லும் பேசாது கரும்பலகையின் ஒருபுறம் இரண்டின் 67ஆம் அடுக்கைக் கணித்து ஒன்றைக் கழித்தார், மறுபுறம் இரு காரணிகளையும் பெருக்கினார், இரண்டும் ஒத்து நின்றபின் மௌனமாகவே தம் இருக்கைக்குத் திரும்பினார், அவையோர் கையொலி எழுப்பினர் என்று ஒரு செய்தி வழங்குகின்றது. இக்காரணிகளைக் காண மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் தேவைப்பட்டன என்று அவர் கூறியதாகவும் அதே செய்தி சொல்கின்றது. இதனை எழுதியவர் ஈ.டி. பெல், எழுதப்பட்டது நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின்னர். எனவே, மௌனம் பற்றிய செய்தி உரையளவாக மட்டுமே நம் கையில் உள்ளது. பெருக்கலோ அவ்வாறன்று. தாளும் எழுதுகோலும் கொண்டு எவரும் அதனை ஒரு மாலைப்பொழுதில் செய்து பார்க்கலாம். ஒரே நிகழ்ச்சியில் கேட்டறிய வேண்டிய பகுதியும் கண்டறியக் கூடிய பகுதியும் அருகருகே இருப்பதை இங்குக் காண்கிறோம்.

முழுப் பெருக்கலுக்கு முன் எளிய சோதனை ஒன்றும் உண்டு. முதற் காரணியின் இலக்கங்களைக் கூட்டினால் 37, மேலும் கூட்டினால் 10, பின் 1. இரண்டாம் காரணியின் கூட்டுத்தொகை 64. அதுவும் 10 ஆகி 1 ஆகும். ஒன்றை ஒன்றால் பெருக்க ஒன்று. பெருக்கற்பயனாகிய 21 இலக்க எண்ணின் கூட்டுத்தொகை 109. அதுவும் ஒன்றாகவே சுருங்கும். சோதனை ஒத்து வருகின்றது. ஆயினும் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருந்தாலும் இச்சோதனை ஒத்தே வரும். ஒத்து வராவிடில் பிழை உறுதி. ஒத்து வந்தால் உண்மை உறுதி எனக் கூறவியலாது. சான்று எவ்வளவு தாங்குமோ அவ்வளவே அதன்மேல் ஏற்ற வேண்டும் என்ற பாடத்தை இச்சிறு சோதனையே கற்பிக்கின்றது.

காரணிகளைத் தேடுவது அரிது. தேடிக் கண்டதைச் சரிபார்ப்பது எளிது. கோலின் உழைப்பு பல நாட்களுக்குரியது. அதனைச் சோதிப்பவரின் உழைப்பு ஒரு பொழுதுக்குரியது. பெருக்கலும் ஒரு செய்கையே ஆதலால் இதனைத் தூய காட்சி என்று கூற முடியாது எனத் தடை எழுப்பலாம். ஆயினும் ஒவ்வொரு படியும் கண்முன் நிகழ்வதாலும், எப்படியிலும் பிறர்சொல்லைச் சார வேண்டாமையாலும் இது காட்சிக்கு மிக அணியது எனலாம்.

பண்பு முன்னதா, அறிவு முன்னதா

கோல் காண்பதற்கு முன்னும் அக்காரணிகள் இருந்தனவா? 317 பகா எண்ணாக இருப்பது நாம் அவ்வாறு நினைப்பதால் அன்று, அது அவ்வாறே இருப்பதால்தான் என்ற கருத்தை ஜி.எச். ஹார்டி 1940இல் வெளிவந்த தம் நூலில் வலியுறுத்தினார். டச்சு அறிஞர் பிரௌவர் முதலானோர் கணித உண்மை மனத்தின் ஆக்கத்தைச் சார்ந்தது என்றனர். இவ்விரு கொள்கைகளும் பெரிதும் முரண்படுபவை. எனினும் வரம்புடைய ஓர் எண்ணை வரம்புடைய படிகளில் சோதித்துவிட முடியும் என்பதால், இந்த எண்ணைப் பொறுத்தவரை ஒன்றில் இரு சாராரும் உடன்படுவர். மெர்செனின் புகழோ, அவரைப் பின்பற்றியோரின் எண்ணிக்கையோ, 232 ஆண்டு வழக்கோ இவ்வெண்ணை ஒரு சிறிதும் மாற்றவில்லை. ஆகவே, சொல்பவரின் பொறுப்பை ஆராய இத்தகைய எண் ஏற்ற களமாகின்றது.

அறியாக்கரி

மெர்சென் சோதிக்காமல் கூறிய நான்கு அடுக்குகள் 31, 67, 127, 257 என்பன. இவற்றுள் 31ஆம் அடுக்கின் எண் பகா எண் என்று 1772இல் ஆய்லர் நிறுவினார். 127ஆம் அடுக்கின் எண்ணும் பகா எண்ணே என்று 1876இல் லூகா காட்டினார். 67, 257 ஆகிய இரண்டும் பகு எண்கள் எனத் தெளிவாயிற்று. நான்கில் இரண்டு மெய், இரண்டு பொய். அன்றியும் பட்டியலில் இடம்பெற வேண்டிய 61, 89, 107 ஆகியன விடுபட்டிருந்தமையும் 1883, 1911, 1914 ஆகிய ஆண்டுகளில் தெரியவந்தது.

இங்கு ஒரு வினா எழுகின்றது. 127ஐப் பற்றிய மெர்செனின் கூற்று மெய்யானதால் அது பாராட்டத்தக்கதும், 67ஐப் பற்றிய கூற்று பொய்யானதால் அது பழிக்கத்தக்கதும் ஆகுமா? இரண்டையும் அவர் எழுதியபோது அவரிடம் இருந்த சான்று ஒரே அளவினது. இரண்டையும் ஒரே உறுதியோடு, ஒரே வரியில் எழுதினார். பின்னர் ஒன்று மெய்யாகவும் மற்றொன்று பொய்யாகவும் முடிந்தது எண்களின் இயல்பால் நேர்ந்ததே தவிர, அவருடைய செயலில் இருந்த வேறுபாட்டால் நேர்ந்ததன்று. எனவே, ஒரு கூற்றின் அறத்தகுதி அது மெய்யாக முடிவதைப் பொறுத்ததன்று. கூறும்போது கூறுவோனிடம் இருந்த சான்றையும், அச்சான்றின் அளவை அவன் மறைக்காமையையும் பொறுத்தது என்பது பெறப்படுகின்றது.

சிலப்பதிகாரம் இதனை நன்கு உணர்ந்திருந்தது. புகார் நகரத்துப் பூதசதுக்கத்தில் தண்டிக்கப்படுவோருள் பொய்க்கரியாளரும் வைத்து எண்ணப்படுகின்றனர். அடைக்கலக் காதையில் மாடலன் நினைவுகூரும் நிகழ்ச்சி ஒன்றில், பத்தினி ஒருத்தியைப் பற்றி அவள் கணவனிடம் பழிகூறிய வறியவன் ஒருவன் பூதத்தின் பாசத்தில் அகப்படுகின்றான். அவன் கூறியதை அக்காப்பியம் அறியாக்கரி என்று குறிக்கின்றது. அவன் கரி பொய்யானது மட்டுமன்று. அறியாதது என்பதும் அடையாக வைக்கப்பட்டுள்ளது. காணாததைக் கண்டவன்போல் உரைத்தலே அங்குக் குற்றத்தின் வேர். பழிக்கப்பட்டவள் ஒரு பெண் ஆதலின் அதன் கேடு உடனே விளங்குகின்றது. எண்ணைப் பற்றிய கூற்றில் எவர்க்கும் உடனடிக் கேடு இல்லை. ஆயினும் செயலின் வடிவம் ஒன்றே.

மெர்செனுக்குச் சார்பாகவும் ஒன்று கூறல் வேண்டும். அவர் கூற்று தெளிவானது. எந்த எண்கள் என்று பெயர் சுட்டியது. அதனாலேயே பின்வந்தோர் அதனைச் சோதிக்கவும் மறுக்கவும் முடிந்தது. மழுப்பலாகக் கூறியிருந்தால் அவர் பிழைபடாமல் இருந்திருக்கலாம்; ஆனால் லூகாவுக்கும் கோலுக்கும் ஆராய ஒன்றும் கிடைத்திராது. குறை அவர் துணிந்து கூறியதில் இல்லை. சோதித்த ஏழையும் சோதிக்காத நான்கையும் வேறுபாடின்றி ஒரே நிரையில் வைத்ததில்தான் உள்ளது.

உரை: பொறியின் சொல்

2024 அக்டோபரில் இரண்டின் 13,62,79,841ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்துப் பெறும் எண் பகா எண் என்று அறிவிக்கப்பட்டது. அதுவரை அறியப்பட்ட பகா எண்களுள் அது மிகப் பெரியது. 4,10,24,320 இலக்கங்கள் கொண்டது. பக்கத்திற்கு 2,000 இலக்கங்கள் வீதம் அச்சிட்டாலும் 20,500 பக்கங்களுக்கு மேல் வேண்டும். லூகா முறையில் அதனைச் சோதிக்கப் பதின்மூன்று கோடிக்கு மேற்பட்ட படிகள் தேவை. எந்த மனிதரும் தம் வாழ்நாளில் அதனைக் கையால் சரிபார்க்க இயலாது. அங்ஙனமாயின் இவ்வறிவு எந்த அளவையின் பாற்படும்?

கணிப்பொறியின் முடிவை ஏற்பது உரையளவையை ஏற்பதே ஆகும். உரையைத் தனி அளவையாகக் கொள்ளலாமா என்பதில் தமிழ் நூல்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மணிமேகலையில் அறவண அடிகள் காட்சியும் கருத்தும் ஆகிய இரண்டே அளவைகள் என்கின்றார். சிவஞான சித்தியார் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றினுள் ஏனைய அளவைகளை அடக்குகின்றது. பொறியின் சொல்லை முன்வைத்து நோக்கினால் இவ்வேறுபாடு புதிய பொருள் பெறுகின்றது. பொறிக்கு விருப்பு வெறுப்பில்லை. ஆனால் பிழை உண்டு. அதனால்தான் மேற்குறித்த எண் அறிவிக்கப்படுவதற்கு முன் வெவ்வேறு கணிப்பொறிகளில், வெவ்வேறு மென்பொருள்களைக் கொண்டு மீண்டும் சோதிக்கப்பட்டது. ஒருவர் சொல்லை மற்றொருவர் சார்பின்றிச் சோதிக்க வழிவிடும்போது உரை ஐதிகத்திலிருந்து வேறுபட்டு நம்பகமான அளவையாகின்றது. கேட்டறிவது குற்றமன்று, கேட்ட வழியை அடைத்துவிடுவதே குற்றம்.

தமிழாய்வுக்கு இதன் தொடர்பு

தமிழாய்வும் பெரும்பகுதி உரையளவையால் நடைபெறுவது. ஒருவர் எல்லா ஏடுகளையும் கல்வெட்டுகளையும் நேரில் காண்பது இயலாது. ஆகவே எண்கள் பல கைமாறி வருகின்றன. இறையனார் களவியல் உரை முச்சங்கங்களுக்கு முறையே 4440, 3700, 1850 ஆண்டுகள் கூறுகின்றது. இவற்றின் கூட்டுத்தொகை 9990. இவ்வெண்கள் மூன்றும் 370ஆல் மீதியின்றி வகுபடுவன. 370இன் பன்னிரண்டு, பத்து, ஐந்து மடங்குகளாக அவை அமைகின்றன. இதனை எவரும் ஓரிரு நொடிகளில் சரிபார்க்கலாம்.

இப்பண்பு எதனை உணர்த்துகின்றது? சங்கங்கள் இருந்தன என்றோ இல்லை என்றோ இது நிறுவவில்லை. இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும் சோதனையைப் போலவே இதன் வலிமையும் வரம்புடையது. ஆயின், இம்மூன்று எண்களும் தனித்தனியே எண்ணிக் குறிக்கப்பட்ட ஆண்டுகள் என்பதைவிட ஒரு திட்டத்தின்படி அமைக்கப்பட்டவை என்று கருதுதற்கே இது மிகுதியும் இடமளிக்கின்றது. இதனைச் சுட்டாமல் இவ்வெண்களை வரலாற்று ஆண்டுகளாக எடுத்தாள்வதும், இதனையே கொண்டு மரபு முழுவதையும் பொய் எனத் தள்ளுவதும் சான்றின் அளவை மீறுவனவே. அவ்வுரை தன் பொருள் வழிவழியாக வந்த ஆசிரியர் மரபைப் பெயர் சுட்டிக் கூறுகின்றது என்பதும் மறக்கத்தக்கதன்று. தான் கேட்டதைக் கேட்டதாகவே, யாரிடமிருந்து யார் கேட்டனர் என்ற வழியோடு அது தருகின்றது. அதனை மேற்கோள் காட்டுவோர் பலர் அவ்வழியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கின்றனர். மூலநூலைக் காணாமல், இடைநூலில் கண்ட அடிக்குறிப்பை மூலத்திலேயே கண்டதாகக் காட்டும் வழக்கமும் இவ்வகையினதே. மேற்கோள் சரியாகவே அமைந்துவிட்டாலும் அச்செயல் அறியாக்கரியே ஆகும். 127ஆம் அடுக்கைப் பற்றிய கூற்று கற்பிக்கும் பாடம் இங்கும் பொருந்துகின்றது.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, ஒரே எண்ணைப் பற்றிய அறிவு ஐதிகத்தில் தொடங்கி, கருதலால் திருத்தப்பெற்று, காட்சிக்கு அணித்தாகக் கொணரப்பட்டதும், அதனினும் மிகப் பெரிய எண்களில் உரையைச் சாராமல் இயலாத நிலை தோன்றியிருப்பதும் புலனாகின்றன. இவ்வளவைகளுள் ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்பது இங்குப் பெறப்படும் முடிவன்று. லூகா காரணிகளைக் காணவில்லை. கண்டதாகக் கூறவும் இல்லை. கருதி அறிந்ததைக் கருதி அறிந்ததாகவே கூறினார். அதனால் அவர் கூற்று குறைவுடையதாயினும் பழுதற்றது.

கண்டதைக் கண்டது என்றும், கருதியதைக் கருதியது என்றும், கேட்டதைக் கேட்டது என்றும் பிரித்துரைப்பதே அறிவுத்துறையில் வாய்மையின் முதற்கூறு. தான் சென்ற வழியைப் பின்வருவோர்க்குத் திறந்து வைப்பது அதன் இரண்டாம் கூறு. கோலின் மௌனம் நிகழ்ந்ததா என்பதை ஒரு நூலின் சொல்லாகவே நாம் கேட்டறிகிறோம். அவர் பெருக்கிய இரண்டு எண்களோ எவரும் எப்போதும் சோதிக்குமாறு நம்முன் உள்ளன.